ஐநூறைத் தாண்டாத கோடை

கரண்ட் மீட்டருக்குள் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். பல மீட்டர்களில் அது 3200. விளக்கு 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் ஓடியாயிற்று என்று கணக்கு. முழுப்பரீட்சை முடிந்து, ‘போரடிக்குது’ என்று வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும் பிள்ளைகளுக்கு விடுமுறையின் முதல் விளையாட்டாக இதைக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் மீட்டர் முன்னால் கடிகாரத்தோடு நிற்க வேண்டும் (தொடக் கூடாது, பார்த்தால் போதும்). இன்னொருவர் உள்ளே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு சாதனத்தை மட்டும் போட வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை மினுக்கல்?

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். நிமிடத்துக்கு நான்கு மினுக்கல். புது பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்தான் என்பதால், ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸுக்கு ஐம்பத்து மூன்று. ஒன்றரை டன் ஏ.சி.யின் கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும்போது எண்பதை நெருங்கும். எண்ணுகிற பிள்ளைக்கு மூச்சு வாங்கும். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்புக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான். எண்ணுகிறவர் பொறுமையிழந்து எழுந்து போய்விடுவார்.

இந்த விளையாட்டை ஒருமுறை ஆடிவிட்ட வீட்டில் ஒரு தொல்லை உண்டு. ‘கரண்ட் என்ன சும்மாவா வருது?’ என்று அறை அறையாகப் போய் லைட்டை அணைக்கிற அப்பாக்களின் பேச்சு அதற்குப் பிறகு அவ்வளவாக எடுபடாது. ஏ.சி. முழு வேகத்தில் ஒரு மணி நேரத்தில் தின்பதை வைத்து, அந்த பல்பை ஏறக்குறைய ஒரு வாரம் இரவு பகலாக எரிக்கலாம் என்று பிள்ளைகளே கணக்குச் சொல்வார்கள். லைட்டை அணைக்க வேண்டாம் என்பதல்ல பேச்சு. கோடையில் பில்லை ஏற்றுவது மூடிய கதவுக்குப் பின்னால், ஆளுக்கோர் அறையில், ஆளுக்கொரு ஏ.சி.யோடு கழிகிற நேரம். அந்த நேரத்தைக் கண்டித்துக் குறைக்க முடியாது. அறைக்கு வெளியே அதைவிடச் சுவாரஸ்யமாக ஏதாவது நடந்தால், யாரும் சொல்லாமலே குறையும்.

ஒரு யூனிட், 233 ரூபாய்

குறைத்து என்ன கண்டோம் என்பவர்களுக்கு, தமிழ்நாட்டு மின் கட்டணத்தில் இருக்கிற ஒரு வில்லங்கத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் நூறு யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் இரண்டாவது நூறும் சலுகை விலையில் கிடைக்கும். 501 ஆனதும் அந்தச் சலுகை பறிபோகும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். கடைசியாகப் போட்ட அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் 233 ரூபாய். 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது எண்கள் மாறினவே தவிர, படி அப்படியேதான் இருக்கிறது.

இதே 2022 கணக்கிலேயே 590 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2,670 ரூபாய் வரும். அது 490 ஆனால் 1,665. நூறு யூனிட்டில் ஆயிரத்து ஐந்து ரூபாய் மிச்சம். இரண்டு மாதத்தில் நூறு யூனிட் குறைப்பது மலையைப் புரட்டுகிற வேலையில்லை. எப்படி என்று மொட்டை மாடிக்கு வரும்போது சொல்கிறேன்.

வீட்டுக் கணக்குக்கு வெளியே மாநிலக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். கத்திரி தொடங்க இரண்டு நாள் பாக்கி இருந்தது.

நிழல் தொலைகிற நாள்

வெயில் எங்கிருந்து வீட்டுக்குள் வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஓர் அருமையான நாள் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரியில் தொடங்கி, பதினைந்து பதினாறு தேதி வாக்கில் மதுரையைக் கடந்து, இருபத்து நான்கு வாக்கில் சென்னைக்கு வந்து சேரும் நாள் அது. அன்று நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மாடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் அதற்கு நிழலே விழாது. நிழல் முழுக்க அடியில் ஒளிந்துகொள்ளும். சென்னையில் இது பன்னிரண்டு மணி ஏழு நிமிடம் வாக்கிலும், மதுரையில் பன்னிரண்டே காலைச் சற்றுத் தாண்டியும் நடக்கும். தவறவிட்டவர்கள் ஆகஸ்ட் வரை காத்திருந்தால் சூரியன் திரும்பி வரும் வழியில் இன்னொரு முறை பார்க்கலாம்.

இடைப்பட்ட மாதங்களில் நம் ஊர்களில் உச்சிச் சூரியன் சற்றே வடக்கே சாய்ந்து நிற்கிறது. ‘தெற்கு ஜன்னல்தான் சூடு’ என்று திரையை அந்தப் பக்கம் மட்டும் இழுத்து விடுகிறவர்கள் மே மாதத்தில் ஒருமுறை வெளியே போய்ப் பார்க்கலாம். நடுப்பகல் வெயிலை முழுசாக வாங்குவது சுவரல்ல, மொட்டை மாடித் தளம்தான். பகல் முழுக்கச் சூட்டைக் குடிக்கும் கான்கிரீட், இரவு எட்டு மணிக்கு மேல் அதைக் கீழே இறக்கத் தொடங்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் மேல்மாடிப் படுக்கையறை அனலாக இருப்பதும், ஏ.சி. போட்டு ஒரு மணி நேரமாகியும் அறை குளிராததும் இதனால்தான்.

அதனால் கோடையின் மிக நல்ல குடும்ப வேலை, மாடிக்கு வெள்ளையடிப்பது. கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பெரியவர்கள் நீற்றிக் கரைத்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை சேர்த்துக் கொடுத்தால் (நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகள் எட்ட நிற்கட்டும்), மட்டைத் தூரிகையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் ஒரு பட்டாளமே அடித்து முடித்துவிடும். வசதியிருந்தால் இதற்கென்றே விற்கும் வெயில் தடுப்பு வெள்ளை பெயிண்ட் வாங்கலாம். விலை கூடுதல், சில வருடம் தாங்கும். ஆமதாபாத் மாநகராட்சி தன் வெப்பத் திட்டத்தில் குடிசைக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதைச் சேர்த்தது. தெலங்கானா 2023-ல் இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. பாதி மாடிக்கு மட்டும் அடித்து நிறுத்திவிட்டு, மறுநாள் பதினோரு மணிக்குச் செருப்பைக் கழற்றி இரண்டு பக்கமும் ஒரு விநாடி கால் வைத்துப் பார்க்கச் சொன்னால், மீதிப் பாதியை அடிக்கப் பிள்ளைகளே வாளியைத் தூக்கி வருவார்கள்.

ஏ.சி.களுக்கு நட்சத்திர முத்திரை தரும் மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு, ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது. 2020 முதல் விற்கும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது. தளம் சூடாகாத வீட்டில் 26-லேயே போர்வை தேடலாம்.

காக்கா ஓட்டும் வேலை

இப்போது வடாம். பச்சரிசி மாவுக் கூழோ ஜவ்வரிசிக் கூழோ, பச்சை மிளகாய் விழுதும் பெருங்காயமும் போட்டு விடியற்காலையிலேயே கிளறி இறக்கிவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு கிளறினால் கிளறுகிறவர் பாடு திண்டாட்டம். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில்தான் விட வேண்டும். பழைய வேட்டியையோ பிளாஸ்டிக் ஷீட்டையோ விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிய வேண்டும். ஓமப்பொடி அச்சு யாருக்கு, ரிப்பன் அச்சு யாருக்கு என்பதில் பிள்ளைகளுக்குள் சண்டை நிச்சயம். கரண்டியால் வட்டமாக ஊற்றுவது சின்னதுகளுக்கு. அது வட்டமாக வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு காக்கா ஓட்ட வேண்டும். விரித்த கறுப்புக் குடையைக் கட்டி வைத்தால் முதல் நாள் காக்கை பயப்படும். இரண்டாம் நாள் குடைமேலேயே உட்காரும். ஆள் இருந்தால்தான் வடாம் மிஞ்சும். ஆனால் காவலுக்கு வைத்த ஆளே பாதி காய்ந்த வடாமைத் தின்று தீர்ப்பதற்கு இதுவரை எந்தப் பாட்டியும் வழி கண்டுபிடித்ததில்லை. மேலே மொறமொறப்பும் உள்ளே பிசுபிசுப்புமாக இருக்கும் அந்த அரைக்காய்ச்சல் பதம் எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால், தின்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கூழ் தீர்ந்த பிறகு தயிரில் ஊறிய மோர்மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி, வெங்காய வடகம் என்று மே கடைசி வரை வேலை ஓடும்.

இதில் மின்சாரம் எங்கே மிச்சமாகிறது? யாரும் வீட்டில் மின் உலர்த்தி வைத்து வடாம் போடுவதில்லையே. உண்மைதான். வடாம் தன்னளவில் ஒரு யூனிட்டையும் மிச்சப்படுத்தாது. ஆனால் வடாம் போடுகிற நாளில் வீடு ஐந்தரை மணிக்கே எழுந்து மாடிக்குப் போய்விடுகிறது. மற்ற விடுமுறை நாளில் எட்டரை வரை ஓடும் இரண்டு அறை ஏ.சி.கள் மூன்று மணி நேரம் முன்னதாகவே நின்றுவிடுகின்றன. அடுப்பு வேலையும் வெயிலுக்கு முன்பே முடிவதால் சமையலறைச் சூடு கூடத்துக்குப் பரவுவதில்லை. காலைக்குப் பழைய சோறு, சின்ன வெங்காயம், போன வருட மோர்மிளகாய். எதையும் சூடுபண்ண வேண்டியதில்லை.

போகிற போக்கில் ஒன்று: மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கையைச் சுடுகிற மாதங்களில் கீசர் ஸ்விட்ச் ‘ஆன்’ ஆகவே இருக்கும் வீடுகள் நிறைய. மாசியோடு அதற்கு லீவு விட்டுவிடலாம்.

மத்தியானம் எங்கே போவது?

பதினொன்று முதல் நாலு வரை மாடியும் இல்லை, தெருவும் இல்லை. அந்த நேரத்துக்கு நம் ஊர்களில் இருக்கிற மிக மலிவான குளிர் அறை பொது நூலகம். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி வைத்திருக்கின்றன. ஆயிரம் பேர் ஒரே குளிரைப் பகிர்ந்துகொள்கிற இடத்துக்கு நீங்கள் நாலு பேர் கூடுதலாகப் போனால் அங்கே மீட்டர் பெரிதாக ஏறிவிடாது; உங்கள் வீட்டு மீட்டர் ஐந்து மணி நேரம் தூங்கும். கோட்டூர்புரத்துக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் பிர்லா கோளரங்கத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வரலாம். நிழல் தொலைந்த கதைக்கு அங்கே விளக்கம் கிடைக்கும்.

வீட்டிலேயே இருக்கிற நாளில் தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி. மூன்று புலி, பதினைந்து ஆடு. கட்டம் வரையத் தரையும் சாக்பீஸும் போதும். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘டி.வி.யை அணைத்துவிட்டு விளையாடுங்கள்’ என்பார்கள். டி.வி.யைவிட ஏ.சி. பதினைந்து மடங்கு இழுக்கிறது என்பதால் எனக்கு டி.வி. மேல் பெரிய கோபம் இல்லை. தாயக்கட்டையின் பெருமை வேறு. நாலு பேர் நாலு அறையிலிருந்து கூடத்துக்கு வந்தால்தான் ஆட்டம் நடக்கும். ஒரே ஃபேன், அல்லது ஒரே ஏ.சி. வெட்டுப்பட்ட காய்க்காக ஒரு மணி நேரம் தகராறு நீண்டாலும் மீட்டருக்கு லாபம்தான்.

ஏர்கூலரைப் பற்றி ஒரு வார்த்தை. நனைந்த வெட்டிவேர் வழியாகக் காற்று வரும்போது தண்ணீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வேலூர், திருச்சி, மதுரை மாதிரி வறண்ட வெயிலடிக்கும் ஊர்களில் ஜன்னலில் ஒரு வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டு, மணிக்கொருமுறை தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டால் அறை மணக்கும், குளிரவும் செய்யும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிரம்பியிருப்பதால் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். சென்னையில் கூலர் வாங்கிவிட்டு, ‘குளிரலை, கசகசங்குது’ என்று புலம்புகிறவர்களின் குறை கூலரில் இல்லை, ஊரில் இருக்கிறது. மண்பானைத் தண்ணீரும் அங்கே கொஞ்சம் மெத்தனமாகத்தான் குளிரும். அங்கிருப்பவர்களுக்குக் கடற்காற்று இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ மணலில் உட்கார்ந்துவிட்டால் ஒன்பது வரை வீடு பூட்டியே கிடக்கும்.

கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு நுங்கு வண்டி போதும். நுங்கைத் தோண்டித் தின்ற பிறகு மிஞ்சும் காய்களைச் சக்கரமாக்கி, நடுவே குச்சி செருகி, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவது. சாயங்காலம் முழுக்கத் தெரு அதிரும். கிணற்று நீச்சலையும் இந்த வரிசையில் சேர்க்க ஆசைதான். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்குவாரிக் குட்டைகள் பக்கம் எவர் துணையோடும் வேண்டாம். ஒவ்வொரு விடுமுறையிலும் அங்கிருந்து வருகிற செய்திகள் போதும்.

மாடியில் பாய்

நூறு யூனிட் கணக்குக்கு வருவோம். கத்திரி நாளில் ஒரு படுக்கையறை ஏ.சி. இரவு முழுக்க ஓடினால் சுமார் ஆறு யூனிட். வாரத்தில் இரண்டே இரவு மொத்தக் குடும்பமும் மொட்டை மாடியில் படுத்தால், ஒரு பில் காலத்துக்குப் பதினேழு இரவு. ஆறு பதினேழு நூற்று இரண்டு. ஐந்நூற்றுத் தொண்ணூறு நானூற்றுத் தொண்ணூறு ஆகிவிட்டது. இரண்டு அறையில் ஏ.சி. இருக்கிற வீட்டுக்கு லாபம் இரட்டை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அரிசி களைந்த தண்ணீர், ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் என்று சேர்த்து வைத்ததைத் தளத்தில் தெளித்துவிட வேண்டும். நல்ல தண்ணீரை மோட்டார் போட்டு ஏற்றித் தெளித்தால் ஒரு குதிரைசக்தி மோட்டார் 746 வாட், அதுவும் மீட்டரில்தான் ஏறும். இரவு உணவையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். சித்ரா பௌர்ணமி இதற்கென்றே வருகிற நாள்: புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர் சாதம், போன வாரம் காக்கையிடமிருந்து தப்பித்த வடாம். பாட்டி நடுவில் உட்கார்ந்து உருண்டை பிடித்துக் கையில் வைக்க, சுற்றி எத்தனை கை நீண்டாலும் நிலாச்சோறு பற்றாமல் போனதில்லை.

நிலா இல்லாத இரவுகள் இன்னும் விசேஷம். மே நடுவில் ஒன்பது மணிக்கு வடக்கே சப்தரிஷி மண்டலம் உயரத்தில் இருக்கும். அதில் வசிஷ்டரையும் ஒட்டி நிற்கும் அருந்ததியையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிறதா என்று ஒருவரையொருவர் சோதிக்கலாம். கல்யாணத்தில் ஐயர் கையைக் காட்டிய திசையில் பகல் வெளிச்சத்தைத் தவிர எதையும் காணாத தம்பதிகளுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே தெற்குச் சிலுவை நிற்கும். ஆஸ்திரேலியக் கொடியில் இருக்கிற அதே நட்சத்திரங்கள். டெல்லிக்காரர்களுக்கு முழுசாகக் கிடைக்காத காட்சி. தென்கிழக்கில் விருச்சிகம் எழும்போது அதன் நடுவில் கேட்டை சிவப்பாக மின்னும். கேட்டை நட்சத்திரக்காரர் வீட்டில் இருந்தால் காட்டுங்கள்.

2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோதும் இப்படித்தான் தெருவே மாடிக்கு வந்தது. அதை இப்போது பொற்காலம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விசைத்தறியும் சிறு பட்டறையும் படுத்த காலம் அது. கைக்குழந்தைக்கு விடிய விடிய விசிறியவர்களைக் கேட்டால் தெரியும். வேறு வழியில்லாமல் படுப்பது வேறு, ஆசைப்பட்டுப் படுப்பது வேறு. வயதானவர், கைக்குழந்தை, உடம்பு முடியாதவர் இருக்கிற அறையில் ஏ.சி. ஓடட்டும். அந்த ஒரு அறைக்கு ஈடுகட்டத்தான் மற்றவர்கள் மேலே வருகிறார்கள்.

இடைஞ்சல்களும் இல்லாமல் இல்லை. கொசுவுக்கு வலை கட்ட நாலு கம்பு வேண்டும். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் பிள்ளைகளை நடுவில் படுக்க வைக்க வேண்டும். எதிர் மாடியிலிருந்து எல்லாம் தெரியும் என்பதால் பெண்கள் தயங்குகிறார்கள். குறுக்கே கயிறு கட்டி இரண்டு பழைய சேலையைத் தொங்கவிட்டால் அந்தத் தயக்கம் பாதி தீரும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் ஒரே விலையில் பணம் கட்டுகிற வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு இலவச நூறும் இல்லை, ஐநூறு எல்லையும் இல்லை. அவர்களுக்கு ஒவ்வொரு யூனிட்டும் முதல் யூனிட்டிலிருந்தே காசு. நூறு குறைந்தால் நூறுக்கும் லாபம். அடுக்குமாடிக்காரர்களின் சிக்கல் இன்னும் எளியது, இன்னும் கடினமானது: மாடிக் கதவுக்குப் பூட்டு, சாவி செயலாளரிடம். ஏப்ரல் மாதச் சங்கக் கூட்டத்திலேயே பேச்சை எடுத்துவிடுங்கள். யார் பெருக்குவது, எத்தனை மணிக்குப் பூட்டுவது, பேச்சுலர் ஃபிளாட்காரர்களுக்கு அனுமதி உண்டா என்று விவாதித்து முடிப்பதற்குள் கத்திரி பிறந்துவிடும்.